ஒன்பது ஊசி வாய்

நவம்பர் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல் வலுக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. காற்று பெயருக்குக்கூட இல்லை. சன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த நீர்த்துளிகள் இறங்கலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பன போலத் தோன்றின.

அத்தான், செவித்திறன் நிலையத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது, இளையவள் ஒலிபுகா அறையின் மெத்தைச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்நிலையத்தைத் தொடங்கியவள் அவளுடைய அக்கா. அக்கா மறைந்து, அவள் இல்லாத இரண்டாவது மழைக்காலம் இது. சோதனைக் கருவிகள், சுழல் நாற்காலி, பாதி தீர்ந்த பஞ்சுப் பொட்டலம் ஆகிய அனைத்தும் இப்போது இளையவளின் பொறுப்பில் இருந்தன. அவளும் ஐம்பதைக் கடந்தவளே. ஆயினும் அக்காவின் கணவருக்கு அவள் இன்றளவும் 'பொடிசு'தான்.

"பொடிசு!" என்று வாசலிலேயே முழங்கினார். காது மந்தமானவர்களுள் சிலர் தம் குரலை அடக்கிக்கொள்வர். சிலர் தெரு முழுவதற்கும் சேர்த்துப் பேசுவர். அத்தான் இரண்டாம் வகையினர். ஆணி செய்யும் ஆலையில் வாலிபத்தைக் கழித்தவர். ஆணிகளுக்குத் தலை அடித்த இயந்திரங்கள் அவருடைய காதுகளையும் சேர்த்தே அடித்துவிட்டிருந்தன.

"மெதுவா அத்தான். பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார்."

"பார்க்கட்டுமே. பாவம், அவருக்கும் பொழுது போக வேண்டாமா?"

குடையை மூலையில் சாத்திவிட்டு, காதிலிருந்த கருவியைக் கழற்றி, நோயுற்ற கோழிக்குஞ்சை ஒப்படைப்பவர் போல அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"விட்டு விட்டுப் பேசுது. திடீர்னு அடங்கிடுது. நேத்து சாயங்காலம் உங்க அக்கா கூப்பிடவே இல்ல."

இளையவள் தலை நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க?"

கருவி இல்லாத வேளைகளில் அவர் எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சை அறிவார். "காது போனது எனக்கா உனக்கா? உங்க அக்கா கூப்பிடலைன்னேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே அமர்ந்தாள். அத்தானின் முகத்தில் கலக்கம் இல்லை. வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று சொல்ல வந்தவரின் முகம் அது.

"எத்தனை நாளா கூப்பிடுறா?"

"அவ போன கொஞ்ச நாள்லேர்ந்து. இதுல என்ன அதிசயம்? அவதானே எனக்குச் சொல்லிக் குடுத்தா? ஒரு தடவை அழுத்தினா தெருவுக்கு. ரெண்டு தடவை அழுத்தினா டிவிக்கு. மூணு தடவை அழுத்தினா எனக்குன்னு. எனக்குன்னா அவளுக்கு. மூணு தடவை அழுத்திட்டு உட்கார்ந்திருப்பேன். சமையலறைப் பக்கத்துலேர்ந்து 'என்னங்க'ம்பா."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? 'இதோ வரேன்'னு எழுந்து போவேன். அங்க யாரும் இருக்க மாட்டாங்க. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டுத் திரும்பி வருவேன். உயிரோட இருந்தப்பவும் பாதி நாள் சும்மாதானே கூப்பிடுவா."

அவர் சிரித்தார். அவளால் சிரிக்க இயலவில்லை.

அவர் கூறியதில் ஒரு பகுதியையாவது அவள் நம்ப வேண்டியிருந்தது. ஏனெனில் அக்காவின் தொழில்முறை அத்தகையது. பிறர் மணியோசையையும் அச்சிட்ட சொற்பட்டியலையும் கொண்டு கருவியைப் பொருத்துவர். அக்காவோ, வந்தவரைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு, உடன் வந்தவரிடம், "வீட்டுல இவரை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்பாள். 'ஏப்பா' என்றோ, 'பெரியம்மா' என்றோ, 'டேய் குண்டா' என்றோ விடை வரும். அந்தச் சொல்லை அவர்களையே பின்னாலிருந்து சொல்ல வைப்பாள். சுவரைப் பார்த்திருப்பவர் தாமாகத் திரும்பும் வரை எண்களை ஏற்றியும் இறக்கியும் பார்ப்பாள். மனிதர் கேட்பது எல்லா ஓசையையும்; திரும்புவது தமக்குரிய ஓர் அழைப்புக்கே என்பது அவளுடைய கொள்கை. தன் கணவரின் கருவியில் மூன்றாவது இடத்தை அவள் தன் குரலுக்கென்றே பொருத்தியிருப்பாள் என்பதில் இளையவளுக்கு ஐயம் எழவில்லை.

அவள் கருவியைப் பிரித்துத் துடைத்தாள். உள்ளே இருந்த சில்லு இற்றுக்கொண்டிருந்தது. அந்த வகையை எவரும் இப்போது தயாரிப்பதில்லை.

"புதுசு ஒண்ணு போட்டுடலாம் அத்தான்."

"புதுசுல அவ இருப்பாளா?"

அக்கேள்விக்கு அவளிடம் விடை இருந்தது. ஆனால் அவ்விடையில் ஒரு 'ஆனால்' இருந்தது. பழைய கருவியில் உள்ள எண்களைப் படித்துவிட்டால் புதியதில் அவற்றை அப்படியே எழுதிவிடலாம். அவ்வெண்களைச் சேமித்து வைத்திருந்த அக்காவின் கணினி, சென்ற மழைக்காலத்து இடியில் கருகிப்போயிற்று. ஆகவே இப்போது அவை இருந்த ஒரே இடம், அவளுடைய உள்ளங்கையில் விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்த அந்தக் கருவிதான். அது முற்றிலும் அடங்குமுன் படித்தாக வேண்டும்.

அன்று மாலையே அவள் அத்தானின் வீட்டுக்குச் சென்றாள். இரண்டாம் மாடியில் இரண்டு அறைகள். பகலிலும் விளக்குப் போட வேண்டிய நடை. நடையின் கோடியில் சமையலறைக் கதவு. அக்காவின் மூக்குக் கண்ணாடி தொலைக்காட்சியின் மேல் மடித்தபடியே இருந்தது. அதை எடுத்து வைக்க அவருக்கும் மனமில்லை. எடுத்து வைக்கச் சொல்ல எவருக்கும் வாயில்லை.

அவள் தன் பையிலிருந்து கேட்புக்குழாயை எடுத்தாள். மருத்துவரின் குழாயைப் போன்றதே அது. முனையில் காதுக்கருவியைச் செருகினால், அணிபவருக்குக் கேட்பது எதுவோ அது சோதிப்பவருக்கும் கேட்கும். அத்தானின் கருவியை அதில் மாட்டி, பொத்தானை ஒரு முறை அழுத்தினாள். ஒரு 'டிங்' ஒலித்தது. கீழே தெருவில் ஒரு வண்டி சேற்றில் திரும்புவது தெளிவாகக் கேட்டது. மறுமுறை அழுத்தினாள். இரண்டு 'டிங்' ஒலித்தன. தெரு பின்வாங்கி, அறை முன்வந்தது. மூன்றாம் முறை அழுத்தினாள். ஒலிக்குறி எதுவும் வரவில்லை. பழுதுதான் காரணம் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நடையின் கோடியில் சமையலறைக் கதவு, தானே, ஒரு விரற்கடை அசைந்தது.

முதலில் கேட்டது சொல் அன்று, சொல்லின் இசை. தாழ்வாகத் தொடங்கி, நடுவில் சற்றே தூக்கி, முடிவில் இழுக்காமல் அந்தரத்தில் விடப்படும் இசை. ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே அழைப்பவளின் அழைப்பு. ஆயிரம் பேர் கூடிய இடத்திலும் அவளால் அதை அடையாளம் காண முடியும்.

"என்னங்க."

அவள் குழாயைக் காதிலிருந்து பிடுங்கினாள். அத்தான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டாளா?"

"இல்ல அத்தான். கதவுக் கீல் சத்தம்."

"கீலா?" அவர் எழுந்து சென்று கதவை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார். ஓசையே எழவில்லை. "நேத்துதான் எண்ணெய் போட்டேன்."

வீடு திரும்பிய வழியில் அச்சத்தைக் காட்டிலும் வேறொன்று அவளை அரித்தது. அது பொறாமை என்று அவளுக்கே புரியச் சற்று நேரமாயிற்று. கேட்டது அக்காவின் குரல். ஆனால் அழைக்கப்பட்டவள் அவள் அல்லள். பிறர் முன்னிலையில் அக்கா அவளை 'ஏண்டி' என்பாள். இருவரும் தனித்திருக்கும்போது மட்டும், வீட்டின் மற்றவர்கள் உறங்கிய பின், போர்வைக்குள், வேறொரு பெயர் உண்டு. சிறுமியாக இருந்தபோது இளையவள் தன் தோட்டின் திருகாணியைத் தொலைத்துவிட்டாள். அக்கா தன் தோட்டிலிருந்ததைக் கழற்றித் தங்கையின் தோட்டுக்குப் பூட்டிவிட்டு, தொலைத்தவள் தானே என்று அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டாள். அன்றிரவு இருட்டில், "திருகாணி, தூங்கிட்டியா?" என்று மெல்லக் கேட்டாள். அதன்பின் அந்தப் பெயர் அவர்களுக்கிடையே நிலைத்துவிட்டது. வேறெவருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் அடி வாங்கியது வீணாகியிருக்கும்.

அந்தக் குரல் எண்களாக எங்கேனும் இருக்குமாயின், அவ்வெண்கள் அத்தானுக்கு மட்டுமின்றித் தனக்கும் வேண்டும் என்று அவள் தீர்மானித்தாள்.

தேடல் மறுநாள் தொடங்கியது. காதுக்கருவியைப் படிப்பதற்கு அக்கா பயன்படுத்திய சாம்பல் நிறப் பெட்டி அலமாரியில் பத்திரமாக இருந்தது. பெட்டியின் ஒரு புறத்திலிருந்து மெல்லிய கம்பி புறப்பட்டுக் கருவியின் மின்கல அறைக்குள் நுழையும். மறுபுறத்திலிருந்து தடித்த கம்பி புறப்பட்டுக் கணினிக்குள் நுழையும். இடரே அந்தத் தடித்த கம்பியில்தான் இருந்தது. அதன் தலை, இரு பக்கமும் திருகாணி வைத்த, ஒன்பது துளைகள் கொண்ட அகலமான தலை. அதற்கேற்ற ஒன்பது ஊசிகள் உள்ள வாய் அவளுடைய மடிக்கணினியில் இல்லை. சவரக்கத்தி போல மெலிந்திருந்த அதன் விளிம்பில் கம்பி செருகுவதற்கு இரண்டு கீறல்களே இருந்தன.

கணினி பழுதுபார்ப்பவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீரியல் போர்ட்டா? இதை எந்த மியூசியத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தீங்க மேடம்?"

"மாத்துக் கம்பி ஏதோ இருக்காமே?"

"இருக்கு. போட்டுப் பார்ப்போம்."

போட்டுப் பார்த்தனர். மாற்றுக் கம்பியின் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டியின் சிவப்பு விளக்கும் எரிந்தது. ஆயினும் அக்காவின் பழைய குறுந்தகட்டிலிருந்த மென்பொருள், பெட்டியே இல்லை என்று சாதித்தது. வேறொரு கம்பி, வேறொரு விதம் என அவர் முயன்றார். பலன் ஒன்றே.

"இது அடம் பிடிக்குது மேடம். பொறந்ததுலேர்ந்தே அந்த வாய் இருக்கிற லேப்டாப்பாப் பார்த்தாதான் பேசும். ஒட்டு வாயெல்லாம் அதுகிட்ட எடுபடாது."

"அப்படி லேப்டாப் கிடைக்குமா?"

"வராது. வந்தா, அது உங்க அதிர்ஷ்டம்."

பழைய மின்பொருட்கள் விற்கும் தெருவில் அவள் மூன்று பகல்கள் அலைந்தாள். தார்ப்பாய்களின் கீழே மடிக்கணினிகள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருந்தன. மற்றவர்கள் திரையைத் திறந்து பார்த்தனர். அவளோ ஒவ்வொன்றின் முதுகையும் பார்த்துவிட்டு நகர்ந்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பின்னலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவளைப் போல அவள் நடந்துகொள்வதாகக் கடைக்காரர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"மூஞ்சியக் கொஞ்சம் பாருங்கம்மா. கேமரா நல்லாத் தெரியும்" என்றார் ஒருவர்.

"கேமரா வேண்டாங்க. பின்னாடி ஒன்பது ஊசி வாய் இருக்கணும்."

"வாயா? எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. ஆனா மூடாது. பரவாயில்லையா?"

சுற்றியிருந்தோர் சிரித்தனர்; அவளும் சிரித்தாள். மற்றொரு கடையில் நீலநிற வாய் ஒன்றைக் கண்டு நின்றாள். எண்ணிப் பார்த்ததில் அது பதினைந்து துளைகள் கொண்ட, திரைக்கான வாய். இன்னொன்றில் வாய் இருந்தது. உள்ளே ஊசிகள் வளைந்து, பல் உடைந்த கிழவரின் வாயாகத் தொங்கியது.

இதற்கிடையே கருவி நாளுக்கு நாள் தளர்ந்தது. காலையில் சற்று நேரம் பேசும், பின் மௌனமாகிவிடும். அத்தான் அதைப் பகல் முழுவதும் அணைத்து வைத்து, மாலையில் மட்டும் திறந்து, மூன்று முறை அழுத்திக் காத்திருக்கத் தொடங்கினார். அவளிடமும் மாற்றம் நேர்ந்தது. எந்த வீட்டுக் கதவு அசைந்தாலும் நின்று கேட்டாள். நிலையத்தில் ஒலிபுகா அறையின் கனத்த கதவு மூடும்போது எழும் மூச்சொலி, அவளுக்குப் பின்னால் எவரோ ஒரு சொல்லைச் சொல்வதற்காக வாய் திறப்பதைப் போலவே இருந்தது. சொல் மட்டும் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழுதுபார்ப்பவர் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், லேத்துப் பட்டறை ஒண்ணுல பார்த்தேன். பிறவி வாய். ஆனா அந்த ஆளு அதைக் கண்ணுல காட்டினதே பெரிசு."

திங்கட்கிழமை நண்பகலில் அவள் அத்தானை அழைத்துக்கொண்டு பட்டறைக்குச் சென்றாள். வாசலைத் தாண்டும் முன்னரே இரும்பு இரும்பைச் சீவும் ஓசை காதைத் துளைத்தது. அவள் முகம் சுளித்தாள். அத்தானோ, பிறந்த வீட்டுக்குள் நுழைபவர் போல முகம் மலர்ந்து, எண்ணெய் வாசனையை ஆழ்ந்து உள்ளிழுத்தார்.

பட்டறைக்காரர் தாடியில் இரும்புத்தூள் மின்னும் பெரிய மனிதர். கணினி பூட்டிய கடைசல் இயந்திரத்தின் அருகே, மேசையில், அந்த மடிக்கணினி இருந்தது. கறுத்து, தடித்து, விசைகளின் மேல் எண்ணெய்த்தாள் போர்த்தி, சுவரில் சங்கிலியிடப்பட்டிருந்தது.

"இதை வெளிய கொண்டு போக முடியாது தங்கச்சி. இதுக்கு பேட்டரி செத்துப் பல வருஷம் ஆச்சு. கரன்ட்டை எடுத்தா இதுவும் போயிடும். இதுதான் என் மெஷினுக்கு வெட்டுற கணக்கெல்லாம் சொல்லிக் குடுக்குது."

"இங்கேயே வச்சுப் பார்க்கலாமாண்ணே?"

"சாப்பாட்டு நேரத்துல மெஷின் சும்மாதான் நிக்கும். அதுக்குள்ள முடிச்சிக்கங்க. எனக்குப் பசி ஜாஸ்தி. ஆனா மெதுவாத்தான் மெல்லுவேன். போதுமா?"

இயந்திரம் நின்றது. திடீரென வந்த நிசப்தம் ஒரு பொருளைப் போல அறையில் இறங்கியது. அவள் மடிக்கணினியின் முதுகைத் தடவினாள். விரலில் ஊசிகள் தட்டுப்பட்டன. ஒன்பது, ஒன்றும் வளையவில்லை. குறுந்தகட்டைச் செலுத்தினாள், அந்தப் பழைய கணினி அதை மறுப்பேதும் சொல்லாமல் விழுங்கிற்று. அத்தானின் காதிலிருந்து கருவியைக் கழற்றி மெல்லிய கம்பியில் மாட்டினாள். தடித்த கம்பியை வாயில் பொருத்தினாள்.

சோற்றுப் பெட்டியின் மேலிருந்து பட்டறைக்காரர் குரல் கொடுத்தார். "திருகாணிய முறுக்குங்க. இல்லேன்னா ஆடும்."

அந்தச் சொல்லை எவரும் உரத்துச் சொல்லிக் கேட்டு நெடுநாளாயிற்று. திரும்பிப் பார்த்தாள். அத்தான் தொலைவில், அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, நின்ற இயந்திரத்தின் மேல் கை வைத்துக்கொண்டிருந்தார். கருவியின்றி, உதடும் காணாமல், அவருக்கு உலகமே ஊமை. அவள் இரண்டு திருகாணிகளையும் முறுக்கினாள்.

மென்பொருள் பெட்டியைக் கண்டுகொண்டது. பின்பு ஒரு வினா எழுந்தது: கணினியில் உள்ளதைக் கருவிக்கு எழுதுவதா, கருவியில் உள்ளதைக் கணினிக்குப் படிப்பதா? கணினியில் இருந்தது வெற்றிடம். தவறான பக்கம் ஒரு தட்டுத் தட்டினால், அந்த வெற்றிடம் கருவிக்குள் சென்று எல்லாவற்றையும் துடைத்துவிடும். 'முதல்ல படி, அப்புறம் எழுது' என்று அக்கா நூறு முறை சொல்லியிருந்தாள். அவள் தன் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, படிக்கும்படி தட்டினாள்.

நீலக் கோடு நகர்ந்தது, பாதியில் நின்றது, மீண்டும் நகர்ந்தது. திரையில் மூன்று பத்திகள் விரிந்தன.

முதல் பத்தியில் எண்கள் நிறைந்திருந்தன. தெரு. இரண்டாவது பத்தியிலும் எண்கள் நிறைந்திருந்தன. தொலைக்காட்சி. மூன்றாவது பத்தி சாம்பல் பூத்துக் கிடந்தது. அதில் ஓர் எண்ணும் இல்லை. அதன் தலையில், அவ்விடம் ஒருபோதும் திறக்கப்படவில்லை என்று எழுதியிருந்தது.

அவள் மறுபடியும் படித்தாள். மறுபடியும் அதே சாம்பல். மூன்றாம் அழுத்தத்துக்கு ஒலிக்குறி வராததன் காரணம் இப்போது விளங்கிற்று. அது பழுதன்று. அழுத்தியபோதெல்லாம் கருவி ஓசையின்றி முதல் இடத்துக்கே, தெருவுக்கே, திரும்பியிருக்கிறது. அக்கா வேடிக்கைக்குச் சொன்னாளோ, செய்ய நினைத்து நாள் போதாமல் விட்டுவிட்டாளோ, மூன்றாவது இடத்தில் எவரும் எப்போதும் இல்லை.

எனில், அன்று மாலை அவள் கேட்டது எதை?

முதலிரண்டு பத்திகளைச் சேமித்துக்கொண்டு கம்பியைக் கழற்றினாள். கருவியின் சிறு விளக்கு ஒரு முறை மினுங்கி அணைந்தது. புதிய மின்கலம் இட்டாள். இன்னொன்று இட்டாள். அது மீண்டும் மினுங்கவே இல்லை.

அவள் சென்று அத்தானின் தோளைத் தொட்டுத் திருப்பினாள். அவருக்கு எதிரே நின்று, உதடு தெளிவாகத் தெரியுமாறு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அத்தான். மெஷின் போயிடுச்சு. தெரு இருக்கு, டிவி இருக்கு. அதைப் புதுசுல போட்டுடலாம். ஆனா மூணாவது... அதுல ஒண்ணுமே இல்ல. அக்கா அதைத் திறக்கவே இல்ல. முதல்லேர்ந்தே காலி."

அவர் வெகுநேரம் அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவருடைய தோள்கள் குலுங்கின. ஆனால் அது சிரிப்பு.

"அப்ப அவ மெஷின்ல இல்லையா?"

"இல்ல அத்தான்."

"அட, நான் ஒரு மடையன்! இது போனா அவளும் போயிடுவாளேன்னு ராத்திரியெல்லாம் தூங்காமக் கிடந்தேன். அவ இதுக்குள்ள இல்லவே இல்லையே!" செத்த கருவியை அவளுடைய கையிலிருந்து எடுத்து, பட்டறைக்காரரின் பழைய இரும்புக் குவியலில், ஒரு கழிந்த ஆணியைப் போடுவது போலப் போட்டார். "வா, போவோம்."

பட்டறைக்காரர் மென்றுகொண்டே கேட்டார்: "என்ன தங்கச்சி, கிடைச்சுதா?"

"அவருக்குக் கிடைச்சுடுச்சுண்ணே" என்றாள் இளையவள். தனக்குக் கிடைக்கவில்லை என்பதை அவள் சொல்லவில்லை.

ஒன்றும் கேளாத ஒருவரைத் தனியே சாலை கடக்க விட மனமின்றி, நிலையத்தில் புதுக் கருவிக்கு அளவெடுத்து முடித்த பின் அவள் அவரை வீடு வரை கொண்டு விட்டாள். தூறல் நின்றிருந்தது. பல நாட்களுக்குப் பின் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து, நடையின் பாதி தூரம் வரை வந்து நின்றது. அத்தான் தம் வழக்கமான நாற்காலியில், சமையலறைக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார். காதில் ஒன்றும் இல்லை. அழுத்துவதற்குப் பொத்தானும் இல்லை. அவள் அவருக்கெதிரே அமர்ந்து, சாம்பல் பெட்டியை மடியில் வைத்து, அதன் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வாரத்தில் இவ்வளவு அமைதியான வீட்டை அவள் கண்டதில்லை. செவிகள் இரண்டும் நன்றாயிருந்த அவள் கூர்ந்து கேட்டாள். கீழே ஒரு மிதிவண்டி. மேல் மாடியில் நாற்காலி நகரும் ஓசை. அவ்வளவுதான்.

நடையின் கோடியில் கதவு ஒரு விரற்கடை அசைந்தது. ஓசை எழவில்லை.

அத்தான் திரும்பினார்.

"இதோ வரேன்" என்று சொல்லி எழுந்து, செருப்பைத் தேய்த்தபடி சமையலறைக்குள் சென்றார்.

அவள் அசையவில்லை. குழாய் திறப்பது கேட்டது. தண்ணீர் டம்ளரில் விழுவது கேட்டது. குழாய் மூடுவது கேட்டது. அதன்பின் ஒரு மௌனம். பேசுபவர் முடிக்கட்டும் என்று பொறுத்து நிற்பவரின் மௌனம். பிறகு அவர் இரண்டு டம்ளர்களுடன் திரும்பி வந்தார்.

"சும்மாதான்" என்றபடி ஒன்றை அவளிடம் நீட்டினார். நாற்காலியில் அமர்ந்து ஒரு மிடறு குடித்தார். ஏதோ நினைவு வந்தவர் போல நிமிர்ந்தார்.

"ஆமா பொடிசு, திருகாணி வந்திருக்காளான்னு கேக்குறா. அது யாரு?"

கம்பி அவளுடைய கையிலிருந்து நழுவி மடியில் குவிந்தது. அவர் உதட்டைப் பார்த்துவிடாதபடி எழுந்து, சமையலறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"நான்தான்க்கா" என்றாள். "வந்துட்டேன்."

கதவு நிலைக்கு மேலே சுவர்க்கடிகாரம் இருந்தது. அதில் அப்போது மாலை நான்கு மணி நாற்பத்திரண்டு நிமிடம்.